பெயரெழுதாத பொட்டலம்

மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டின் ஒற்றை ஜன்னலில் நெப்ராஸ்காவின் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. நினைவுக்கென்று குடும்பத்தார் தலைமுடியை மெல்லிய கம்பியில் சுற்றிப் பூப்பூவாக்கி, சுவரில் மாட்டும் வளையத்தில் கோத்துக்கொண்டிருக்கிறாள் தர்சா. அப்பாவின் நரை, அம்மாவின் செம்பட்டை, எல்லாம் பெயரெழுதிய பொட்டலங்களில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பெயரில்லை. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த தங்கை லவீனா அதைப் பிரிக்கிறாள். சோளக்கதிரின் நார்போல மெல்லிய முடி. "இது யாருதுக்கா?" "ரூத்தோடது. எழுதி வெச்சாத்தான் எனக்கு ஞாபகம் வரணுமா?" ரயிலுக்கு முன்பு மாட்டுவண்டியில் மேற்கே வரும் வழியில், மூன்று வயதில், காலராவில் போன மகள். கூரையிலிருந்து பொடிமண் மேசையில் உதிர்கிறது; தர்சா அதை ஊதிவிடுகிறாள். "ஓநாய் தோண்டிடக் கூடாது, மண்ணு இறுகணும்னு, புதைச்ச எடத்து மேலேயே எல்லா வண்டியையும் ஓட்டச் சொன்னாங்க கூட வந்தவங்க. எங்க வண்டிதான் முதல்ல. செவலை மாடு நின்னுடுச்சு. தெனமும் அவ மழலையில 'போடா தங்கம்'னு சொன்னாத்தான் அது நடக்கும்." லவீனாவின் விரல்கள் முடியின்மேல் அப்படியே நிற்கின்றன. "அப்புறம் எப்படிக்கா நடந்துச்சு?" தர்சா கம்பியை முறுக்குகிறாள். "அவளை மாதிரியே நான் சொன்னேன்."