உயிரோடு இருப்பதற்கு ஒரு நேர்முகத் தேர்வு

"வாயைத் தொற" என்றாள் மப்ரூக்கா.

திறந்தேன். கடைவாய்ப் பல் வரை எட்டிப் பார்த்தாள்.

அடுத்து முடி. ஒட்டுமுடியோ என்ற சந்தேகத்தில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குத் திருப்தி வந்தது.

ஹம்மாம் என்கிற பொதுக் குளியல் கூடத்துக்கு வரும் மாமியார்கள் மருமகள் பார்ப்பது இப்படித்தான். ஆனால் இது துனிஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. என்னை யாரும் பெண் கேட்டு வரவில்லை.

எல்லாம் டாக்டர் நஜ்லாவால் வந்தது. அவர் பிழைக்கவைத்த பழைய கேஸ் நான். பிறக்கும்போதே நோயை எதிர்க்கத் தெரியாத ரத்தம். இரண்டு வயதில் அக்கா வீதாதின் எலும்பு மஜ்ஜையை எடுத்து எனக்குள் ஏற்றினார்கள். இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது. இதே வியாதியோடு ஒரு குடும்பம் வந்து பயந்து நின்றால், டாக்டர் எனக்குப் போன் போடுவார். வந்து சும்மா நின்றால் போதுமாம்.

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்து என்ன பிரயோஜனம்? இங்கே நான் ஜவுளிக்கடை பொம்மை.

மப்ரூக்காவுக்குக் கஸ்ரீன் மலைப்பக்கம். கட்டிலில் அவளுடைய ஏழு மாத மகன், மூக்கில் குழாயோடு. இதே வியாதிக்கு ஏற்கெனவே ஒரு மகனைப் பறிகொடுத்தவள். ஆறு வயது மகள் தக்வாவின் மஜ்ஜை தம்பிக்கு அச்சாகப் பொருந்துகிறது. அம்மா சரி என்றால் போதும். அவளோ மூட்டையைக் கட்டிவிட்டாள், மதிய வண்டிக்குக் கிளம்புகிறாளாம். கிளம்பினால் பையன் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான்.

அதனால்தான் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

மூட்டைக்குள் கைவிட்டு, ஓட்டோடு ஒரு பாதாமை எடுத்து நீட்டினாள்.

"கடிச்சு ஒடை, பாப்போம்."

"அக்கா, நான் வக்கீலுக்குப் படிச்சவ."

"ஏன், வக்கீலுக்குப் பல்லு கெடையாதா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

உடைத்தேன். பருப்பைப் பிடுங்கித் தக்வாவின் வாயில் போட்டாள். உடைத்த கூலிகூட எனக்கில்லை.

"நல்லாத்தான் இருக்கே. கண்ணு படாம இரு" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் என்ன பாக்கணும் உங்களுக்கு? ஓடிக் காட்டவா? எப்பவோ செத்துப்போயிருக்க வேண்டியவ, கல்லு மாதிரி முன்னாடி நிக்கிறேன். பத்தலையா?"

"உன்னைப் பத்தி எனக்கென்னடி கவலை? பாத்தாலே தெரியுதே." தக்வாவை இழுத்துத் தன்னோடு ஒட்டிக்கொண்டாள். "குடுத்தவ எங்க? அவ இருக்காளா?"

டாக்டரைப் பார்த்தேன். வருஷா வருஷம் எங்களை நிறுத்து, அளந்து, மாநாடுகளில் கோடு போட்டுக் காட்டுகிறவர். வீதாதை இந்த வார்டுக்கு ஒருவரும் ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினேன்.

"ஏண்டி திருடி! நேத்து வந்துட்டு என் சிவப்புச் செருப்பை மாட்டிக்கிட்டா போனே? உடம்புல ஓடற ரத்தம் பூரா என்னோடது, அது பத்தாதுன்னு செருப்பு வேறயா? இங்க மார்க்கெட்ல ஒண்ணு இடுப்புல, ஒண்ணு வயித்துல, கையில மூணு கிலோ மீனு..."

வார்டே என் காலைப் பார்த்தது.

மப்ரூக்கா என் கையிலிருந்து போனைப் பறித்தாள். வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் கேட்டாள்.

"வலிச்சுதாம்மா?"

மார்க்கெட் இரைச்சலுக்கு மேலே வீதாத் கத்தினாள்.

"யாரு நீங்க?" பிறகு, தணிந்த குரலில், "ரெண்டு நாள் வலிச்சுது. அப்புறம் மறந்துபோச்சு. இவ வாயைத் தொறந்தாத்தான் இப்பவும் வலிக்குது."

மப்ரூக்கா சிரித்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா, பையனுக்குக் கட்டில் இருக்கு" என்றாள், தக்வாவை முன்னால் நகர்த்தி. "முதல்ல இவளுக்கு ஒண்ணு போடுங்க."