வண்டிக்காரரின் பிஸ்டன்கள்

“நாளைக்குக் காலையில வண்டிக்காரர் வந்து நிப்பார். சீக்கிரம் முடிங்க” என்று அம்மா தகரப் பேசினை அப்பாவுக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள். உள்ளே நாலு பிஸ்டன்கள், தலை முழுக்கக் கரி அப்பிக் கிடந்தன.

“போன வாரம்தானே ஒரு செட் வந்துச்சு?”

“இது வேற ஆளு. இன்ஜினை ஒர்க்‌ஷாப்ல பிரிச்சுப் போட்டிருக்காராம். இதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா போதுமாம்.”

“மெக்கானிக் கடை திறந்திருந்தப்ப ஈ ஓட்டினேன். மூடின பிறகு வீடு தேடி வர்றாங்க” என்றார் அப்பா. அலுப்பு குரலில்தான் இருந்தது, முகத்தில் இல்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்து அன்றைக்கே ஜன்னல் வழியாகப் பறந்தது.

“பந்து விளையாடற வயசா எனக்கு?”

பிஸ்டன் என்றால் மறுப்பில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் சீவலால் சுரண்டினார். இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும். சீவல் நழுவி நழுவி விழுந்தது. அம்மா எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

“வலது கையால சுரண்டுங்க. இடது கை பிடிக்கறதுக்கு மட்டும்தான்.”

“நீ என்ன எனக்கு போர்மேனா?”

“வண்டிக்காரர் என்னைத்தானே கேப்பார்?”

அப்பா ஒரு பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தலை பூரா கரி. ரிங் உக்கார்ற பள்ளம் மட்டும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. என்ன வண்டியோ!”

“பதவிசா ஓட்டற ஆளாம்” என்றாள் அம்மா.

சாயங்காலம் நாலும் பளபளத்தன. அப்பா படுத்ததும் அம்மா பேசினைச் சமையலறைக்குத் தூக்கிப் போனாள். விளக்குக் கரியைக் கழிவு எண்ணெயில் குழைத்தாள். பிஸ்டன் தலைகளில் கனமாக அப்பி, இறுகுவதற்காகப் பழைய வாணலியில் அடுக்கி அடுப்பில் ஏற்றினாள். வண்டிக்காரர் என்று யாருமே கிடையாது.

பின்னால் செருப்பு தேயும் சத்தம். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவின் கரிக்கை அந்தரத்தில் நின்றது.

அவர் வாணலியை எட்டிப் பார்த்தார்.

“வழக்கம்போல பள்ளத்தை விட்டுட்டியே. அங்க சுரண்டினாதான் விரல் நல்லா மடங்கும்.”