'இல்லை' என்று ஒரு டிக்

மூளைக்குக் காந்த சிகிச்சை கொடுக்கும் அறையில் பங்கஜவல்லி வந்து உட்கார்ந்தாள். அவள் தலைக்குள் பழைய ஆபரேஷனில் வைத்த உலோகக் கிளிப் ஒன்று இருந்தது. காந்தம் நெருங்குவது தெரிந்ததும் அதற்குப் பகீரென்றது.

"நில்லு. உலோகம் இருக்கிற தலைகிட்ட நீ வரக் கூடாதுன்னு விதி இருக்கு. யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேட்டாச்சே," என்றது காந்தம். "படிவத்துல இருக்கு."

மேஜைமேல் கிடந்த படிவம் கூச்சத்தோடு சொன்னது: "'தலையில உலோகம் இருக்கா?'ங்கிற கேள்விக்கு டிக் போட்டபடியே என்னை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாருக்கும் 'இல்லை'தான்."

கிளிப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இங்கேதானே இருக்கேன்."

"படிவத்துல நீ இல்லை," என்றபடி காந்தம் நெற்றியருகே வந்தது.

கிளிப் அசைய ஆரம்பித்தது.

"நான்தான் இல்லையே. அப்புறம் எதுக்கு என்னைப் பிடிச்சு இழுக்கிறே?"