அவ சாப்பிடட்டும்

“என் பாஸ்போர்ட்டைக் குடுங்க.”

கேட்டேவிட்டாள் பெர்சிஸ். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் புருஷனிடம் கேட்டுவிடாதே என்று மிங்கலாடோன் பிறந்தவீட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராபர்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவ சாப்பிடட்டும். அப்புறம் பேசலாம்.”

“அவ சாப்பிடறதுக்கும் என் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“வந்ததிலேர்ந்து ஒரு வாய் தொடல. இப்படி வத்திக் கெடந்தா எப்படி ஜோடி சேக்கறது? நானே அந்தக் கவலையில இருக்கேன். நீ உன் கவலையைத் தூக்கிட்டு வந்துட்ட.”

“பாவம், ஊரு விட்டு ஊரு வந்தவ. ஏக்கமா இருக்கும்” என்றாள் மாமியார் இருதயம்மாள், விசிறிமட்டையை ஆட்டிக்கொண்டே. பெர்சிஸைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கரண்ட் இல்லை. பேட்டரியில் மிச்சமிருந்ததும் அவளுக்குத்தான். அவள் படுக்கைக்கு அடியில் சூடு குறையக் கூடாதாம். மற்றவர்கள் பசுந்தாங் பேட்டையின் மாடிவீட்டுப் புழுக்கத்தில் அவிந்துகொண்டிருந்தார்கள்.

ராபர்ட் இடுக்கியால் ஒரு செத்த வெள்ளை எலியின் வாலைப் பிடித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஆட்டிக் காட்டினான். உள்ளே சுருண்டு கிடந்த கைத்தண்டி மலைப்பாம்பு தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது. பாங்காக்கிலிருந்து வரவழைத்த பெட்டை. ஆண் பாம்பு பக்கத்துப் பெட்டியில் தயாராக இருந்தது.

“வித்தவன்கிட்ட கேட்டேம்மா. புதுப் பாம்பைக் கையால தொந்தரவு பண்ணிக்கிட்டே இருந்தா தீனி எடுக்காதுங்கறான். நான் எங்க தொட்டேன்? எலியைக் காட்டறதோட சரி.”

“வேற யாரு தொடப்போறா? உம் பொண்டாட்டியா?”

இருவரும் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில், கூட்டாளிகள் முன்னால் ஒரு பாம்பை எடுத்துப் பெர்சிஸின் தோளில் போட்டான் ராபர்ட். கட்டியிருந்த லோஞ்சிக் கைலி நனைய அவள் மயங்கி விழுந்ததைப் படமெடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் இன்னும் போட்டுக் காட்டுகிறான்.

“திங்கக்கிழமை நான் பாங்காக்ல வேலைக்குச் சேரணும்” என்றாள் பெர்சிஸ்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்றே அலமாரியிலிருந்த பாஸ்போர்ட் காணாமல் போய்விட்டது.

“பத்திரமா இருக்கு. நீ கையே வைக்காத இடத்துல” என்றான் ராபர்ட்.

“மொதல்ல ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்கச் சொல்லுடா. இவ தின்னும் வயித்துல ஒண்ணும் இல்ல. அது தின்னாமலே கெடக்கு. நல்லா வந்து வாச்சுது ரெண்டும்.” இருதயம்மாள் மருமகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துத் திருப்பினாள். “இது என்னடி, பொட்டுப் பொட்டா?”

“மீன் முள்ளு குத்திருச்சு.”

“மீன் ஆயத் தெரியாது. பேரு பி.எஸ்சி.”

ராபர்ட் எலியை ஓரமாக வைத்தான். “இது சரிப்படாது. இன்னைக்கு வாயைப் பொளந்து திணிச்சிர வேண்டியதுதான்.”

“செத்துரும்” என்றாள் பெர்சிஸ்.

“அவ்ளோ அக்கறை இருந்தா நீ வந்து தலையைப் புடி. புடிச்சிட்டா இப்பவே பாஸ்போர்ட் தர்றேன்.” சொல்லிக்கொண்டே போனை எடுத்து, படம் பிடிக்க வாகாக நிமிர்த்திக்கொண்டான். “அம்மா, தள்ளி உக்காரு. விழுந்தா உம்மேலதான் விழுவா.”

பெர்சிஸ் பெட்டிக்குள் கையை விட்டாள்.

பாம்பு தலையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விரல்களை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைச் சுற்றி மெல்ல ஏறியது. அதைத் தூக்கி ராபர்ட்டின் முகத்துக்கு நேராக நீட்டினாள். போன் தானாகத் தாழ்ந்தது. இருதயம்மாளின் விசிறிமட்டை நின்றுவிட்டது.

“புடிச்சாச்சு. குடுங்க.”

ராபர்ட் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “சும்மா சொன்னேன்டி. அதெல்லாம் தர முடியாது.”

“தெரியும். கேக்காம போயிட்டாள்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாதுல்ல. அதுக்குத்தான் கேட்டேன்.”

பாம்பைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். சாமான் ஏற்றி இறக்கப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் மணி ஒருமுறை அடித்தது. அவிச்ச பட்டாணிக்காரனாக இருக்கும் என்றாள் இருதயம்மாள். அந்தக் கயிற்றில் விடியும்போதே பெர்சிஸின் பை கீழே டாக்சிக்காரனிடம் இறங்கியிருந்தது. இப்போது டாக்சி வந்திருந்தது.

“பாஸ்போர்ட் இல்லாம எந்த ஊருக்குடி போவ?” என்று ராபர்ட் சிரித்தான்.

பெர்சிஸின் பார்வை அவனைத் தாண்டி, பாம்புப் பெட்டியின் மேல் ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பியது. ராபர்ட்டின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பெட்டியைச் சர்ரென்று இழுத்தான். பாம்பை ஒதுக்கி, அடியில் விரித்திருந்த செய்தித்தாளைக் கிழித்தெடுத்தான். வெறும் பிளாஸ்டிக் கதகதவென்று இருந்தது.

பெர்சிஸ் அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

“தெனமும் நீங்க வெளியில போனப்புறம் அந்தப் பெட்டியில கைய விட்டுப் பயத்தைப் போக்கிக்கிட்டது நான்தான்” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “இனிமே அவ சாப்பிடுவா.”