இல்லாத பக்கத்துக்கு ஒரு வாசகர்

“தொலைஞ்ச பக்கம் இருநூத்திப் பதினாலையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுட்டுப் போயேம்மா. இதுல என்ன யோசனை?” என்றார் மேலாளர்.

“இருநூத்திப் பதிமூணு திருப்பியாச்சு சார். ஒண்ணு மட்டும் நிக்குது.”

அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளுக்குக் கைகாட்டி என்று பட்டப்பெயர். இணையதளங்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிமாற்றும்போது பழைய பக்கங்கள் சில தொலைந்துபோகும். அவற்றைத் தேடி வருகிறவர்கள் 404 என்ற வெற்றுப் பலகையில் முட்டிக்கொள்ளாமல், சர்வரிலேயே ஒரு வரி எழுதி வேறு பக்கத்துக்கு அனுப்பிவைப்பது அவள் வேலை. வீடு மாறுகிறவர்கள் பழைய கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவதைப் போலத்தான். இந்தத் திங்கட்கிழமை குடிமாறியது ஒரு திருமணத் தகவல் மையத்தின் தளம்.

“நிக்கிறது எந்தப் பக்கம்?”

“மணப்பெண் 2318. நாலு வருஷம் முன்னாடியே கல்யாணமாயிடுச்சு. பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தவங்க, பக்கத்தை அழிக்க மறந்துட்டாங்க. பழைய சர்வர்ல சும்மா கிடந்திருக்கு. நாம மாத்தும்போது விட்டுப்போச்சு. பக்கத்தோட காப்பி மையத்துக்கிட்ட இருக்கு, என்கிட்ட நம்பர் மட்டும்தான்.”

“கல்யாணமான பொண்ணோட பக்கம் யாருக்கு வேணும்?”

“அதான் சார் தெரியல. பழைய வருகைப் பதிவுகளைப் பார்த்தேன். ஒரே போன். தினம் மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு வந்து பார்த்திருக்கு, நாலு வருஷமா. இப்ப பக்கம் இல்ல, அப்பவும் விடல. நேத்து மட்டும் ஏழு தடவை கதவைத் தட்டியிருக்கு.”

“ஏதாவது ரோபோவா இருக்கும்மா.”

“ரோபோவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு ஏது சார்? இந்த ஆள் ஞாயிறு மட்டும் வர்றதில்ல.”

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் கதை என்றால் அவருக்குப் பசி தெரியாது.

“பொண்ணு பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டு, இப்ப கையைப் பிசையுறவனா இருக்கும்.”

“மாமியாரா இருந்தா? சொன்ன வயசும் படிப்பும் சரிதானான்னு தினம் ஒரு தடவை சரிபார்க்கலாமே.”

“நாலு வருஷமாவா? அப்படின்னா அந்தப் பொண்ணு பாவம்.”

அவள் சிரித்துவிட்டாள். “ஒண்ணு செய்யறேன் சார். இதை மட்டும் முகப்புக்கு அனுப்பாம, ஒரு தனிப் பக்கத்துக்குத் திருப்பறேன். ‘நீங்கள் தேடும் பக்கம் இப்போது இல்லை. எதற்காகத் தேடுகிறீர்கள்?’னு கேட்டு, கீழ ஒரு பெட்டி. எழுதினா நமக்கு வந்துடும்.”

“செய், செய். ஆனா நாலு மணிக்கு வக்கீலைப் பார்க்கணும்னு பர்மிஷன் கேட்டிருந்தியே?”

“அதுக்குள்ள தெரிஞ்சுடும்.”

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டா திரும்ப வர்றது கஷ்டம்மா. உன் வீட்டுக்காரர் குடிக்கிறவரா, அடிக்கிறவரா?”

“ரெண்டும் இல்ல சார். பேசாதவர். ஒரு நாளைக்கு அவர் வாயிலேர்ந்து வர்றது ஒரே கேள்வி. படுக்கப் போகும்போது, ‘பின்கதவைச் சாத்தியாச்சா?’ அவ்வளவுதான். எத்தனை நாள் சார் சுவத்தோட குடித்தனம் பண்றது?”

அவளுக்குக் கண் கலங்கியது. கீபோர்டின் பக்கம் திரும்பிக்கொண்டு, 2318-க்கான வரியை எழுதத் தொடங்கினாள்.

ஒன்று பத்துக்கே இருவரும் திரையின் முன்னால் ஆஜர். மேலாளரின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கிடந்தது. சரியாக ஒன்று இருபதுக்குப் பதிவில் ஒரு வரி ஓடியது. வந்த ஆள் தனிப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றையும் காணோம்.

“ஓடிட்டான்” என்றார் மேலாளர்.

ஆறாவது நிமிடம் பெட்டியில் பதில் விழுந்தது. அவள் முதல் இரண்டு வரியைப் படித்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டாள். மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘ஐயா, தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். தனக்குப் பிடித்ததையெல்லாம் அதில் அவள் பன்னிரண்டு வரி எழுதியிருந்தாள். பேருந்தில் சன்னலோர இருக்கை, மழை விட்டதும் நடப்பது, குறுக்கெழுத்துப் புதிர் என்று. எனக்குப் பேச வராது. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வரியைப் படித்து, இன்று இதைப் பற்றி அவளிடம் பேசிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொள்வேன். நேரில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும்.’”

மேலாளர் மேசையைத் தட்டினார். “நான் சொல்லல? கல்யாணமான பொண்ணு பின்னாடி நாலு வருஷமா அலையுறான். இவனைச் சும்மா விடக் கூடாதும்மா. அந்த மையத்துக்கு உடனே போன் போடு.”

“மீதியையும் படிங்க சார்.”

“‘கடைசியில், பின்கதவைச் சாத்தியாச்சா என்று மட்டும்தான் கேட்க வருகிறது.’”

மேலாளர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வக்கீலிடம் வரவில்லை என்று சொல்லப் போனை எடுத்தாள்.

“2318-ஐ எங்கேயும் திருப்ப வேண்டாம் சார், பழைய இடத்துலயே போட்டுடறேன். அந்தப் பன்னிரண்டு வரியும் நான் எழுதினதுதான்.”