நாக்கு நீளம்

ஒன்பதாவது முறையாக அதே சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் கேட்டு வந்திருந்தார் பெரியவர். அவர் விருப்பமெல்லாம் டிராவல்ஸ் பெண்ணுக்கு மனப்பாடம்.

“சாப்பாட்டு ஹால்ல கிச்சன் கதவோரம்தானே சார்? கடல் தெரியற மேஜைக்கு எல்லாரும் அடிச்சுக்கறாங்க.”

“கடல்ல என்னம்மா இருக்கு, வெறும் தண்ணி” என்றவர், பிரஷர் மாத்திரையை விழுங்கினார்.

“உப்பு கம்மியா வேணும்னு எழுதிடவா சார்?”

“எழுதாதேம்மா. கப்பல்ல யார்கிட்டயும் அதைச் சொல்றதில்ல.”

“இன்னொண்ணு சார். அந்தக் கப்பலோட தலைமைச் சமையல்காரர் வேற கப்பலுக்கு மாறிட்டாராம். ருசி முன்ன மாதிரி இருக்காது.”

“அப்ப அவர் மாறின கப்பல்லயே போட்டுடு. எந்த ஊருக்குப் போனாலும் சரி.”

அவள் சிரித்துவிட்டாள். “உங்களுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான் சார்.”

“நீளம்தாம்மா. ‘கரண்டி பிடிக்கப் போறவன் என் பிள்ளையே இல்ல’ன்னு அவனை வாசலோட அனுப்பின நாக்கு. இப்ப அந்தக் கிச்சன் கதவு திறக்கிறப்ப அவன் முதுகு தெரியும், அவ்வளவுதான். எழுந்து உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல.”

அவள் தயங்கினாள். “நீங்க வர்றது அவருக்குத் தெரியுமா?”

“வெளிய வந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா நான் சொல்லாமலே, என் தட்டுல மட்டும் உப்பு கம்மியா வருதும்மா.”