ஏழாவது பத்தி

"பிளாஸ்டிக் பையிலயா போட்டு வெச்சிருக்கீங்க? போறது வக்கீல்கிட்டயா, மார்க்கெட்டுக்கா?"

"அதுக்குத்தானேப்பா உங்களைக் கூப்பிட்டேன்" என்று மகன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம்.

அவர்களுக்குத் திருமணமாகி இரண்டு வருடம். அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

மருமகளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். கடிதத் தேதியிலிருந்து பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பத்து நாள் போய்விட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீல். கெடு தப்பினால் அவள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"உங்களை மாதிரி அடுக்க எங்களுக்கு வராதுப்பா" என்று போனில் சொல்லியிருந்தான்.

அது உண்மை. முப்பத்தொரு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். நான் கட்டிய ஃபைலில் ஒரு தாள் குறைகிறது என்று எந்த அதிகாரியும் சொன்னது கிடையாது.

தேதி வாரியாக அடுக்கினேன். பாஸ்போர்ட் நகல். வாடகை ஒப்பந்தம். இரண்டு பெயரிலும் வந்த மின்சார ரசீதுகள்.

திருமணப் பதிவுச் சான்றிதழ். சாட்சிக் கையெழுத்து இரண்டு. இரண்டும் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. துளையிட்டுக் கோத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

பதிவு அலுவலகத்துக்கு நான் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிக் கல்யாணம் செய்துகொண்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "பையனுக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லியே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஏதோ பிரதி எடுக்க வேண்டும் என்று மகன் பக்கத்து அறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணங்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வக்கீல். கடிதம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதைப் பார்த்து அவள் தமிழில் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும்.

நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அலுவலகத்தில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் என் பிரிவுக்குக் கேட்டு வாங்கியிருப்பேன். நினைத்ததோடு சரி, வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நான்கு காரணங்களும் எழுதியாகிவிட்டது.

ஐந்து: திருமணப் படங்களில் கணவர் வீட்டார் ஒருவரும் இல்லை.

ஆறு: சேர்ந்து வாழ்வதற்குக் காட்டிய ரசீதுகள் போதுமானவை அல்ல.

எட்டு: ஆகவே இந்தத் திருமணம் உண்மையானது என்று அலுவலகம் ஏற்கவில்லை.

பேனாவை நிறுத்தினேன்.

"ஆறுக்கு அப்புறம் எட்டா? உங்க ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"ஏழாவது அவ்வளவு முக்கியமில்ல மாமா. வக்கீல்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"முக்கியமா இல்லையான்னு அவர் சொல்லட்டும். குடு இங்க."

அவள் கொடுக்கவில்லை. நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

ஏழு: விண்ணப்பதாரருடைய கணவரின் தந்தையிடம் தொலைபேசியில் விசாரிக்கப்பட்டது. தம் மகனுக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை என்று அவர் தெரிவித்தார்.

இன்னொரு தடவை படித்தேன்.

அந்தப் போன் வந்த அன்றைக்கு என் ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணியும் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். போனில் ஒரு பெண். தமிழில்தான் பேசினாள். எந்த அலுவலகம், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் காதைக் கொடுத்தாள்.

ஹாலுக்கும் கேட்கட்டும் என்று நான் சற்று உரக்கவே பதில் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். எண் போனிலேயே இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியிடம், சொன்னது பொய் என்று நானா சொல்வது? விட்டுவிட்டேன்.

கடிதத்தை மேசையில் வைத்தேன். பத்து நாளாக இது அவளிடம் இருந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்து "வாங்க மாமா" என்றாள். வெயிலில் வந்தீர்களே என்று தண்ணீர் கொடுத்தாள். நான் தம்ளரைப் பாதி குடித்து வைத்துவிட்டு, காகிதத்தை வைத்திருக்கும் லட்சணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

எழுபத்திரண்டு வயதில், மகன் வயதுகூட ஆகாத ஒரு பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இது அவனுக்குத் தெரிய வேண்டாம்மா."

அவள் தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். நிமிரவில்லை.

"ஏழாவதை விட்டுட்டு வாசிக்கச் சொன்னதே அவர்தான் மாமா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

பக்கத்து அறையில் எந்தச் சத்தமும் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஒரு வெள்ளைத்தாளை இழுத்தேன். சொன்னது நான்தான், சொன்னது பொய், ஆட்கள் இருந்ததால் சொன்னேன் என்று எழுதினேன். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. கையெழுத்துப் போட்டு, கீழே முழுப்பெயரும் முகவரியும் எழுதினேன்.

அவளிடம் கொடுக்காமல், தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினேன்.